கொழிஞ்சாம்பாறையில இருந்து ஆப் டாக்ஸி: வண்டி கேஎல்லா டிஎன்னா, டியூ கட்டி மிச்சம் நிக்குமா?

எல்லைக்காரன்
எல்லாருக்கும் வணக்கங்க. பாலக்காடு ஜில்லா, தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை பக்கம் நம்மூரு, வீட்ல தமிழ்தான், ஆனா ஆதார் ரேஷன் கார்டு எல்லாம் கேரளா அட்ரஸ். கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்ல ஷிப்ட் போயிட்டிருக்கேன், வருசம் ஓடுதே தவிர பெர்மனன்ட் ஆகற வழியக் காணோம். கூட வேலை பாத்த ஒருத்தன் டிசையர் சிஎன்ஜி எடுத்து கோயமுத்தூர்ல ஆப்ல ஓட்டறான், நீயும் வந்துரு, நமக்கு நாமதான் மொதலாளி, தோணுனா ஆன்லைன் போலாம் தோணலன்னா ஆஃப் பண்ணிட்டு வீட்ல இருக்கலாம்னு டெய்லி போன் பண்றான். வீட்டுக்காரிக்கு பயம், அப்பாவுக்கு அதவிட பயம், தென்னந்தோப்பு மேல லோன் எதுவும் வெச்சுராதேன்னு சொல்லிட்டே இருக்காரு.

கேள்வி என்னன்னா, வண்டி கேரளா கேஎல் நெம்பர்ல எடுக்கறதா இல்ல தமிழ்நாடு டிஎன் நெம்பர்லயா. ரெண்டாவது, ஆப்ப மட்டும் நம்பி டியூ கட்ட முடியுமா. மூணாவது, அவன் சொல்ற அந்த சொந்தத் தொழில், கை கட்டி நிக்க வேண்டாம்ங்கறது எந்தளவு நெசம். ஓட்டறவங்க சொல்லுங்க, யூடியூப்ல பாத்தது போதும்.

மஞ்சபோர்டு37
தம்பி மொதல்ல நெம்பர் விசயத்த முடிச்சுக்கலாம், மத்ததெல்லாம் அதுல இருந்துதான் கெளம்புது. நீங்க குடியிருக்கற அட்ரஸ்லதான் வண்டி ரிஜிஸ்டர் ஆகும், சித்தூர் ஆபீஸ்னா கேஎல் 70. அந்த கேரளா மஞ்ச போர்ட, அதான் டாக்ஸி நெம்பர் பிளேட்ட, வெச்சுட்டு காந்திபுரத்துல ஏத்தி சரவணம்பட்டில எறக்கற லோக்கல் சவாரி அடிக்க முடியாதுங்க, உங்க பர்மிட் கேரளாவுக்கு. ஆர்டிஓ பிடிச்சா பர்மிட் மீறல் கேசு, அதுக்கு சட்டத்துலயே 10,000 ரூபா அபராதம் இருக்கு. ஆப்காரங்களும் கோவை சிட்டில சேத்தறதுக்கு தமிழ்நாடு வண்டியத்தான் கேப்பாங்க. டிஎன் நெம்பர் வேணும்னா இந்தப் பக்கம் நெசமாலுமே குடிவந்து வாடகை அக்ரிமென்ட் போட்டு ஆதார் மாத்தோணும். மாமன் மச்சான் அட்ரஸ்ல போட்டுக்கலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்னு வந்து இன்சூரன்ஸ்காரன் பேப்பர விரிச்சு வெச்சுட்டு உக்காந்தா அன்னைக்கு அந்த மச்சான் வரமாட்டான்.

டாக்ஸி ஓட்ட தனி பேட்ஜ் வேணுமான்னு கவலைப்பட வேண்டாம், சாதாரண கார் ஓட்டற எல்எம்வி லைசென்ஸ் இருந்தா டாக்ஸி கார் ஓட்டலாம், 2017ல சுப்ரீம் கோர்ட் சொன்னத 2024 நவம்பர்ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்சும் செரின்னு சொல்லியாச்சு.

இப்ப கணக்குக்கு வர்றேன். நம்ம ஏரியாவுல எல்லாத்தையும் முடிவு பண்றது காலி ரிட்டர்ன்தான், அதாவது ஆள் இல்லாம திரும்பி வர்றது. சிட்டிக்குள்ளயே ஓட்டறவனுக்கு எறக்கின எடத்துலயே அடுத்த ட்ரிப் விழுகும், நமக்கு வாளையார் பார்டர் தாண்டினா கத வேற. ஏர்போர்ட்ல இருந்து பாலக்காடு டவுன் சுமார் 60 கிலோமீட்டர், ஸ்கிரீன்ல 1,500 ரூபான்னு விழுகுதுன்னு வெச்சுக்கங்க, உதாரணத்துக்குத்தான் சொல்றேன், பாத்ததும் நல்ல ஓட்டம்னு தோணும். கமிஷன் இருவது பர்சன்ட் போனா 1,200. போக வர 120 கிலோமீட்டர். சிஎன்ஜி கிலோ 90 ரூபான்னு போட்டா கிலோமீட்டருக்கு நாலு ரூபா, அது 480. டோல் ரெண்டு பக்கமும் சேத்து 200 வையுங்க. டயர், ஆயில், சர்வீஸ், இன்சூரன்ஸ், டேக்ஸ், எஃப்சிங்கற ஃபிட்னஸ் சர்டிபிகேட் இதுக்கெல்லாம் கிலோமீட்டருக்கு மூணு ரூபா எடுத்து வெச்சே ஆகோணும், அது 360. மிச்சம் 160 ரூபா. ட்ராபிக், வெயிட்டிங் எல்லாம் சேத்து நாலு மணி நேரம் போயிருக்கும், இன்னும் டியூ காசு இதுல இருந்து எடுக்கல, பர்மிட் காசும் எடுக்கல.

அதே ட்ரிப்புக்கு திரும்ப வர ஒரு ஆள் இருந்தா அந்த நாளே வேற. அதனால எத்தன ட்ரிப் அடிச்சேன், எவ்வளவு கலெக்சன்னு பேசறவங்க பேச்ச விட்டுருங்க, மொத்தம் ஓடின கிலோமீட்டருக்கு எவ்வளவு கெடைச்சுதுன்னு சொல்றவங்கள மட்டும் கேளுங்க. காலியா ஓடினதும் ஓட்டந்தான், டயர் அதயும் எண்ணிக்குது.

சித்தூர்ப்புழை
நான் பாலக்காட்டு பக்கம் ஸ்டாண்டுல ஓட்டறவன், வீட்ல தமிழு, ஸ்டாண்டுல மலையாளம். மஞ்சபோர்டு அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா கேஎல் வண்டின்னா பொழப்பு இல்லன்னு தம்பி நெனச்சுர வேண்டாம்.

கேரளாவுல டாக்ஸி ரேட் சர்க்கார் போட்டது, 2022 மே ஒண்ணுல இருந்து 1500 சிசிக்கு கீழ உள்ள காருக்கு மினிமம் அஞ்சு கிலோமீட்டருக்கு 200, அப்பறம் கிலோமீட்டருக்கு 18. அதுக்கு மேல உள்ள வண்டிக்கு 225, அப்பறம் 20. நாங்க ஆளுக்குத் தகுந்தபடி ரேட் சொல்றோம்னு சிலர் சொல்வாங்க, அடிப்படை ரேட் எழுத்துல இருக்கு. உங்க தமிழ்நாட்டுல ஆட்டோவுக்கு 2013ல போட்ட மீட்டர் ரேட், 25 ரூபாயும் கிலோமீட்டருக்கு 12ம், அதுக்கப்பறம் சர்க்கார் மாத்தவே இல்லன்னு அங்கத்த டிரைவர்மார் கேட்டுட்டே இருந்தாங்க இல்லையா, அந்த நெலமைல ஆப்காரன் போடறதுதான் ரேட்டுன்னு ஆயிருது.

பாலக்காட்டுக்கு ஏர்போர்ட் கெடையாது. கல்ஃப்ல இருந்து வர்றவன், பெங்களூர்ல ஐடில இருக்கறவன், ஐஐடிக்கு வர்ற வாத்தியார்மார், எல்லாரும் ஒண்ணு கோயமுத்தூர் ஏர்போர்ட், இல்லன்னா கொச்சி நெடும்பாசேரி ஏர்போர்ட். திருச்சூர் ரோட்டுல குதிரான் டனல் 2021ல தொறந்ததுல இருந்து திருச்சூர் பக்கம் நேரம் நல்லா கொறஞ்சிருக்கு. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு செக்கப் போறவங்க, ஓணத்துக்கு துணியெடுக்க போறவங்க, பழனிக்கு போறவங்க, இவங்கெல்லாம் ஆப்ல தேடறதில்ல, போன்ல இருக்கற டிரைவரத்தான் கூப்பிடுவாங்க. கேஎல் வண்டிக்கு ஆல் இந்தியா பர்மிட் எடுத்து வெச்சா இந்த ஓட்டம் பூரா உங்களுக்கு. காலைல கொண்டுபோய் விட்ட குடும்பத்தையே சாயங்காலம் கூட்டிட்டு வந்தா காலி ரிட்டர்ன் பேச்சே இல்ல.

ஆப் வேணும்னா கேரளா சவாரி இருக்கு, நம்ம லேபர் டிபார்ட்மென்ட் 2022 ஆகஸ்ட் 17ல திருவனந்தபுரத்துல தொடங்கினது, சர்வீஸ் சார்ஜ் எட்டு பர்சன்ட்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. சர்க்காரே ஆப் நடத்த முடியும்னு ஒரு ஸ்டேட் செஞ்சு காட்டினதுல எனக்கு ரொம்ப சந்தோசம்.

கோவை2பாலக்காடு
நான் டிரைவர் இல்ல, அடிக்கடி ஏறி எறங்கற பயணி, தப்பா எடுத்துக்காதீங்க. ராத்திரி பிளைட்ல வந்து எறங்கி புக் பண்ணா டிரைவர் மொதல்ல போன் போட்டு எங்க டிராப்புன்னு கேக்கறாரு, பாலக்காடுன்னு சொன்னதும் கட் பண்ணிட்டு கேன்சல். அடுத்தவரும் அப்படியே. கையில தூங்கற கொழந்தைய வெச்சுட்டு நிக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஏறினதுக்கு அப்பறம் வாளையார்ல பர்மிட் காசு எக்ஸ்ட்ரா குடுங்கன்னாரு, ஆப்ல காட்டினதுல அது இல்ல. இத நான் யார்கிட்ட போய் கேக்கறது?

மஞ்சபோர்டு37
கோவை2பாலக்காடு, உங்க கோவம் நியாயந்தாங்க, கொழந்தையோட நிக்க வெச்சது தப்புதான். ஆனா அந்த போன் ஏன் வருதுன்னு சொல்றேன். பல சமயம் ட்ரிப் விழுகறப்ப போற எடம் முழுசா தெரியறதில்ல, ஒத்துக்கறதுக்கு சில செகண்டு டைம் தர்றாங்க, அதுக்குள்ள தட்டலன்னா போயிரும். தமிழ்நாடு பர்மிட் மட்டும் இருக்கற வண்டின்னா கேரளாவுக்குள்ள போறதுக்கு ஸ்பெஷல் பர்மிட்டும் கேரளா டேக்ஸும் கட்டோணும், இப்பெல்லாம் சென்ட்ரல் கவர்ன்மென்ட்டோட பரிவாஹன் சைட்ல போன்லயே கட்டிரலாம், ஆனா அந்தக் காச யார் கட்டறதுன்னு புக் பண்றப்பவே தெளிவா இருந்தா சண்டையே வராது. அது கட்டாம போனா வாளையார்ல மாட்டினா டிரைவர்தான் நிக்கோணும். ஸ்பெஷல் பர்மிட்ல போன வண்டி பாலக்காட்டுல புதுசா ஒரு ஆள ஏத்திட்டும் வரக்கூடாது, ஆக காலி ரிட்டர்ன் உறுதி.

எக்ஸ்ட்ரா கேட்டவரு மொதல்லயே போன்ல சொல்லியிருக்கோணும், ஏத்திட்டு நடுவழில கேக்கறது முறையில்லங்க. அந்த ஒருத்தரால நம்ம எல்லார் மேலயும் பேர் கெடுது.

சித்தூர்ப்புழை சேட்டா சொன்ன ஆல் இந்தியா பர்மிட் பத்தி ஒண்ணு சேத்தறேன். 2021 ஏப்ரல்ல இருந்து அது சென்ட்ரல் ஆன்லைன் சிஸ்டம், 2023ல விதிய திருத்தினாங்க. ஒரே தடவ காசு கட்டினா ஸ்டேட் ஸ்டேட்டா நிக்க வேண்டாங்கறதுதான் நோக்கம். மாசத்துக்கு பல தடவ பார்டர் தாண்டறவனுக்கு அது லாபம், எப்பவாச்சும் தாண்டறவனுக்கு அப்பப்ப கட்டறதே போதும். தம்பி வீடு இருக்கற எடத்துக்கு, வேலந்தாவளம் தாண்டினா தமிழ்நாடு, கோபாலபுரம் தாண்டினா பொள்ளாச்சி, டீ குடிக்கப் போனாலே ஸ்டேட் மாறற ஊரு, எடுத்தே ஆகோணும்.

வீட்டுக்கணக்கு
மதுக்கரைங்க. ஓட்டறது எங்க வீட்டுக்காரர், கணக்கு வெக்கறது நானு. அண்ணன் கிலோமீட்டருக்கு மூணு ரூபா எடுத்து வெக்கச் சொன்னாரு பாருங்க, அதப் பத்தித்தான் எழுதோணும்னு லாகின் பண்ணேன், ஏன்னா வண்டி எடுக்கற குடும்பத்துல பெரும்பாலும் விட்டுப்போறது அதுதான். காசு தினமும் கையில வருது, செலவு வருசத்துக்கு ஒருக்கா மொத்தமா வந்து நிக்குது, நடுவுல இருக்கற காசு நம்மளுதுன்னு தோணிருது.

இன்சூரன்ஸயே எடுத்துக்கங்க. 1000ல இருந்து 1500 சிசி வரைக்கும் உள்ள டாக்ஸிக்கு 2022 ஜூன்ல அறிவிச்ச தேர்ட் பார்ட்டி ரேட் 7,940, அதுக்கு மேல ஒரு பயணிக்கு 978. டிசையர்ல நாலு பேருன்னா 3,912 சேத்து 11,852 ஆச்சு, இதுக்கு மேல ஜிஎஸ்டி, இதுல உங்க வண்டிக்கு அடிபட்டா ஒத்த ரூபா வராது, அதுக்கு தனியா கட்டி ஃபுல் கவர் எடுக்கோணும். ஒயிட் போர்டு கார் வெச்சிருக்கறவங்க கட்டறத நெனச்சுட்டு பட்ஜெட் போட்டா முதல் வருசமே இடிக்கும். எஃப்சி புது வண்டிக்கு ரெண்டு வருசம் தள்ளி, எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, அப்பறம் வருசா வருசம். எஃப்சிக்கு முன்னாடி டிங்கரிங், பெயின்ட், ஸ்பீடு கவர்னர்னு ஒரு பட்டியல் வரும். டோலுக்கு 3,000 ரூபா வருச பாஸ் 2025 ஆகஸ்ட்ல வந்துச்சே, அது சொந்த உபயோக வண்டிக்கு மட்டுந்தான், மஞ்ச போர்டுக்கு கெடையாது. இருவத்தி நாலு மணி நேரத்துக்குள்ள திரும்பினா ரிட்டர்ன் டோல் கம்மியாகும், அத மட்டும் விட்டுராதீங்க.

நாங்க என்ன பண்றோம்னா தனியா ஒரு பேங்க் அக்கவுன்ட். ராத்திரி வண்டிய நிறுத்தினதும் மீட்டர் ரீடிங் நோட்ல எழுதி, அன்னைக்கு ஓடின கிலோமீட்டர மூணால பெருக்கி அந்த அக்கவுன்ட்ல போட்டுருவேன். காலியா ஓடினதும் சேத்துத்தான். அந்தக் காசுல கை வெக்கறதில்ல, பள்ளிக்கூட பீசா இருந்தாலும் செரி. டயர் மாத்தறப்ப யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லங்கற அந்த நிம்மதி இருக்கே, அது எனக்கு ரொம்பப் பெருசு.

அப்பறம் வருமான வரி. ஆப்ல சம்பாதிச்சா ரிட்டர்ன் போடுங்க. ஆப்காரங்க முன்கூட்டியே பிடிக்கற வரி, டிடிஎஸ், முன்ன ஒரு பர்சன்ட் இருந்துச்சு, 2024 அக்டோபர்ல இருந்து 0.1 ஆக்கிட்டாங்க, பான் குடுத்து வருச பில் அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா அதுவும் இல்ல. பில், ரசீது எல்லாம் அடுக்கி வெக்க முடியாதவங்களுக்கு உத்தேச வருமானக் கணக்கு இருக்கு, பேங்க்ல வந்த தொகைல ஆறு பர்சன்ட், ரொக்கத்துல எட்டு பர்சன்ட் லாபம்னு காட்டலாம், அதுக்கு மேல சம்பாதிச்சா அத காட்டோணும். பெரும்பாலும் வரி வராது. ஆனா அந்த ரிட்டர்ன் பேப்பர் இருந்தாத்தான் நாளைக்கு வீட்டு லோனுக்கு பேங்க்ல உக்கார வெப்பாங்க, சொந்தத் தொழில்காரனுக்கு சம்பளச் சீட்டு அதுதான்.

எல்லைக்காரன்
அக்கா இவ்வளவு வெவரமா யாரும் சொன்னதில்லங்க. நோட்டு வெக்கறத வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன், அவளே வெக்கறேன்னுட்டா.

மூணாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரல. நமக்கு நாமதான் மொதலாளிங்கறது?

பின்பெஞ்சு வக்கீல்
நான் ஓட்டறதில்ல, லேபர் கேசு பாக்கறவன், பாலக்காடு பக்கந்தான். இதுக்கு நேரா ஒரு தீர்ப்பு இருக்கு. லண்டன்ல ஊபர் டிரைவர்மார் போட்ட கேசு, 2021 பிப்ரவரி 19ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. கம்பெனி சொன்னது நாங்க வெறும் டெக்னாலஜி, டிரைவர்கள் எல்லாம் தனித் தொழில் பண்றவங்க, எங்களுக்கும் அவங்களுக்கும் முதலாளி தொழிலாளி உறவே இல்லன்னு. கோர்ட் அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாக்கல, நடைமுறைல யார் கைல என்ன இருக்குன்னு பாத்துச்சு. ரேட் போடறது யாரு, கம்பெனி. அக்ரிமென்ட் வாசகம் எழுதறது யாரு, கம்பெனி. ட்ரிப்ப மறுத்தா தண்டனை உண்டா, உண்டு. ரேட்டிங் கொறஞ்சா வேலை போகுமா, போகும். பயணியும் டிரைவரும் தங்களுக்குள்ள பழக்கம் வெச்சுக்க முடியாம கம்பெனி தடுக்குதா, ஆமா. இந்த அஞ்சையும் எடுத்துச் சொல்லி டிரைவர்கள் தொழிலாளிகள்தான், மினிமம் கூலியும் சம்பளத்தோட லீவும் பாத்தியதைன்னு முடிவு பண்ணுச்சு. ஆன்லைன்ல இருந்து ட்ரிப்புக்கு காத்திருக்கற நேரமும் வேலை நேரந்தான்னும் சொன்னாங்க.

இது அந்த நாட்டு சட்டம், இங்க நேரா செல்லாது. ஆனா தம்பி கேட்ட கேள்விக்கு அந்த அஞ்சையும் வரிசையா வெச்சு நீங்களே உங்க நெலமைய அளந்து பாக்கலாம்.

நம்ம நாட்டுல நெலமை இப்படி. 2020 நவம்பர்ல சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆப் டாக்ஸி கம்பெனிகளுக்கு வழிகாட்டுதல் போட்டுச்சு, அத மாத்தி 2025 ஜூலைல புதுசு. சொந்த வண்டி டிரைவருக்கு கட்டணத்துல 80 பர்சன்டாவது போகோணும், அஞ்சு லட்சம் ஹெல்த் இன்சூரன்ஸ், பத்து லட்சம் டெர்ம் இன்சூரன்ஸ், காரணமில்லாம கேன்சல் பண்ணா கட்டணத்துல பத்து பர்சன்ட், அதிகபட்சம் 100 ரூபா, அது பயணிக்கும் உண்டு டிரைவருக்கும் உண்டு. இத ஒவ்வொரு ஸ்டேட்டும் தன் விதியா ஏத்துக்கிட்டாத்தான் நடைமுறைக்கு வரும், அங்கதான் இழுக்குது. சோசியல் செக்யூரிட்டி சட்டம் 2020ல பாஸ் ஆனது, 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்துச்சு, அதுல கம்பெனி தன் வருச டர்ன்ஓவர்ல ஒண்ணுல இருந்து ரெண்டு பர்சன்ட் ஆப் தொழிலாளிகளுக்கான நிதிக்கு கட்டோணும்னு இருக்கு. தமிழ்நாட்டுல ஆப் தொழிலாளிகளுக்குன்னு தனி நல வாரியம் 2023 டிசம்பர்ல அமைச்சாங்க. கேரளாவுல மோட்டார் தொழிலாளர் நல நிதி 1985 சட்டத்துல இருந்தே இருக்கு, அது ஸ்டாண்டு வண்டி ஆப் வண்டின்னு பிரிச்சுப் பாக்காது.

முதல் வேலையா அமைப்புசாரா தொழிலாளிகளுக்கான சென்ட்ரல் கவர்ன்மென்ட் சைட், இ-ஷ்ரம்ல பதிவு பண்ணுங்க. சொந்தத் தொழில்காரன்னு பேர் இருக்கறதால பிஎஃப், இஎஸ்ஐ ரெண்டும் வராது. கஞ்சிக்கோட்டு கம்பெனில இப்ப அது இருக்குன்னா, அத விட்டுட்டு வர்றீங்கங்கறத கணக்குல எழுதிக்கணும். வீட்ல பெரியவங்க இருக்காங்க, இஎஸ்ஐ போனா ஆஸ்பத்திரி செலவு கைக்காசு.

மஞ்சபோர்டு37
வக்கீல் சார் சொன்ன அஞ்சயும் ரெண்டு தடவ படிச்சேன். என் மனசுல இருந்தத யாரோ கோர்ட்ல நின்னு பேசின மாதிரி இருந்துச்சு.

தம்பி, ஆன்லைன் ஆஃப்லைன் நம்ம இஷ்டந்தான், அது நெசம், பொய் சொல்லல உங்க பிரெண்டு. கொழந்தைக்கு காச்சல்னா யார்கிட்டயும் லீவு கேக்க வேண்டாம். அத நான் ரொம்ப மதிக்கறேன். ஆனா ரேட் என் கையில இல்ல. ஒரு மத்தியானம் திடீர்னு ஒரு ஆப்ல கிலோமீட்டர் ரேட்ட கொறச்சாங்க, கேக்க ஆள் இல்ல, போன் பண்ணா பதிவு பண்ண கொரல், ஆபீஸ் போனா மேல சொல்றோம்னு ஒரு பையன். பயணி ஒருத்தர் ஏதோ கோவத்துல ஸ்டார் கொறச்சுப் போட்டதுக்கு ஐடி பிளாக், என்ன காரணம்னுகூட சொல்லல, டியூ தேதி மட்டும் அசையாம நின்னுச்சு. வண்டி என்னோடது, கடன் என்னோடது, ஆக்சிடென்ட் ஆனா கேசு என்னோடது, ரேட் மட்டும் அவங்களோடது. இத சொந்தத் தொழில்னு சொல்றதுக்கு எனக்கு மனசு ஒப்பல.

இப்ப கமிஷன் இல்ல, ஒரு தொகை கட்டி பாஸ் எடுத்தா போதும்னு பல ஆப்ல மாத்திட்டாங்க, பெங்களூர்ல நம்ம யாத்ரிங்கற ஆப் தொடங்கி வெச்சது மத்தவங்களையும் அந்தப் பக்கம் இழுத்துச்சு. அது நல்ல மாற்றந்தான், பயணி குடுக்கற காசு நேரா நம்ம கைக்கு. ஆனா பாஸ் காசு ஓட்டம் இல்லாத நாளுக்கும் போகும், மழைக்காலம் பரீட்சைக்காலம் பாத்து எடுக்கோணும்.

அதனால நான் பண்றது, ஆப்ப ஆள் பிடிக்கற எடமா வெச்சுக்கறது. நல்லா ஓட்டி, வண்டிய சுத்தமா வெச்சு, ஏசிக்கு மொணங்காம இருந்தா எறங்கறப்ப அவங்களே நெம்பர் கேப்பாங்க. எங்க வாட்சப் குரூப்ல ரெண்டு ஸ்டேட் டிரைவரும் இருக்கோம். பாலக்காட்டுல இருந்து ஏர்போர்ட் வர்ற பார்ட்டி எனக்கு போன் பண்ணா நான் கேஎல் வண்டிக்கு குடுத்துருவேன், இங்கிருந்து சிட்டிக்குள்ள வேணும்னு அவங்களுக்கு வந்தா எனக்கு வரும். கமிஷன் கெடையாது. இந்த ஒரு ஏற்பாட்டுலதான் எங்க காலி கிலோமீட்டர் கொறஞ்சுது, வேற எந்த வித்தையும் இல்ல.

சித்தூர்ப்புழை
அந்த குரூப்பு விசயம் நூத்துக்கு நூறு சத்தியம். ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், ஸ்டாண்டுக்கு முன்னாடி வந்து ஆப் சவாரி ஏத்தறதுல எங்க ஆளுங்களுக்கு வருத்தம் இருக்கு, அது வெறும் பொறாமை இல்ல. வரிசைல காலைல இருந்து நிக்கறவன், நல நிதி கட்டினவன், ராத்திரி ரெண்டு மணிக்கு பிரசவத்துக்கு கூப்பிட்டாலும் எழுந்து போறவன். அவன் முன்னாடி நின்னு ஏத்திட்டுப் போனா யாருக்கும் வலிக்கும். பத்தடி தள்ளி நின்னு ஏத்துங்க, முதல்ல ஸ்டாண்டுல உள்ள பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த பேசுங்க. அடிதடி பண்றவங்க பக்கம் நான் நிக்க மாட்டேன், கைய நீட்டினா அது தப்பு, யார் செஞ்சாலும்.

அப்பறம் கேரளா ரோட்டுல 2023 ஜூன்ல இருந்து ஏஐ கேமரா இருக்கு, பெல்ட் போடாத பயணிக்கு வர்ற ஃபைனும் வண்டி ஓனருக்குத்தான் வரும். ஏறினதும் பெல்ட் போடச் சொல்லுங்க, கோயமுத்தூர்ல ஏறினவங்களுக்கு வாளையார் தாண்டறப்ப மறுபடி ஞாபகப்படுத்துங்க. கேரளாவுல 2023 ஏப்ரல்ல லிட்டருக்கு ரெண்டு ரூபா செஸ்ஸும் போட்டாங்க, பெட்ரோல் டீசல் தமிழ்நாட்டுப் பக்கத்த விட இங்க கூடுதல், டீசல் வண்டிக்காரங்க பார்டருக்கு முன்னாடி கே.ஜி.சாவடிலயே ரொப்பிட்டு வந்துருவாங்க.

பழைய ஸ்டாண்டு
எல்லாரும் காசப் பத்தி எழுதிட்டீங்க, நான் தூக்கத்தப் பத்தி எழுதறேன். அம்பாசிடர் காலத்துல இருந்து ஓட்டறவன், இப்ப பையன் ஓட்டறான்.

2020 வழிகாட்டுதல்லயே ஒரு நாளைக்கு பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல லாகின் இருக்கக்கூடாது, அப்பறம் பத்து மணி நேரம் ஓய்வுன்னு எழுதினாங்க. ஆனா ஒரு ஆப்ப ஆஃப் பண்ணிட்டு இன்னொண்ண ஆன் பண்ணா அதுக்கு கணக்கு ஏது. இன்சென்டிவ்க்கு இன்னும் ரெண்டு ட்ரிப் பாக்கின்னு ஸ்கிரீன்ல காட்டறப்ப வீட்டுக்குப் போக மனசு வராது, என் பையன் மொகத்துல அத நான் பாக்கறேன். விடியக்காலைல மூணுல இருந்து அஞ்சு, எட்டிமடை தாண்டி வாளையார் காட்டு வளைவுல ரெண்டு பக்கமும் லாரி, யானை நடமாட்டம் உள்ள எடம், அங்க ஒரு நிமிசம் கண்ணு சொருகினா போதும். தூக்கம் வந்தா பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டி இருவது நிமிசம் படுங்க, பயணிகிட்ட சொன்னா எந்தப் பயணியும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, அவங்க உசுரும் அதுலதான இருக்கு. முதுகு, மூலம், சர்க்கரை, மூத்திரத்த அடக்கி அடக்கி கல்லு, இந்த நாலும் நம்ம தொழில் வியாதி. தண்ணி குடிங்க, நிறுத்துங்க, போய்ட்டு வாங்க.

தேங்காய்த் தோப்ப அடமானம் வெக்காதேன்னு உங்க அப்பா சொன்னாருல்ல, அந்த வார்த்தைய மீறாதீங்க தம்பி. வண்டி வெல வருசா வருசம் எறங்கும், மண்ணு அப்படியில்ல.

கோவை2பாலக்காடு
நேத்து கேட்டதுக்கு எல்லாரும் பொறுமையா பதில் சொன்னதுக்கு நன்றிங்க. பர்மிட் காசு விசயம் எனக்கு நெசமா தெரியாது, அது புக்கிங்லயே காட்டினா நாங்க குடுக்கத் தயார்தான். மஞ்சபோர்டு அண்ணா, அடுத்த மாசம் அம்மாவ கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வரணும், பாலக்காட்டுல இருந்து போக வர. தனிச்செய்தில நெம்பர் அனுப்புங்க.

மஞ்சபோர்டு37
அது சேட்டா ஓட்டம், கேஎல் வண்டிதான் செரி. சித்தூர்ப்புழை நெம்பர அனுப்பறேன். அம்மாவ மெதுவா கூட்டிட்டு வருவாரு.

எல்லைக்காரன்
எல்லாத்தயும் வீட்ல உக்காந்து படிச்சோம், அப்பா கண்ணாடி போட்டுட்டு முழுசா படிச்சாரு. முடிவு இப்போதைக்கு இதுங்க: வேலைய விடல, வண்டியும் எடுக்கல. ஷிப்ட் இல்லாத நாள்ல ஆக்டிங் டிரைவரா போலாம்னு இருக்கேன், அடுத்தவங்க வண்டில ஓட்டி காலி கிலோமீட்டர் எவ்வளவு வருதுன்னு நோட்டுல எழுதிப் பாத்துட்டு அப்பறம் கேஎல் நெம்பர்லயே யோசிக்கலாம். ஏர்போர்ட் ஓட்டம், ஆஸ்பத்திரி ஓட்டம், பழனி, இத நம்பித்தான், ஆப் ரெண்டாவது. சித்தூர்ப்புழை அண்ணா, உங்க பக்கம் ஆக்டிங்குக்கு ஆள் தேவைன்னா சொல்லுங்க. லைசென்ஸ் எல்எம்வி இருக்கு, மலையாளம் எழுதப் படிக்க வரும்.

சித்தூர்ப்புழை
தேவை இருக்கு. என் பெரியப்பா மகன் வண்டி, எர்டிகா, அவனுக்கு முதுகு ஆப்பரேசன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு பேட்டாவும் சாப்பாடும், டோல் பெட்ரோல் எல்லாம் அவன் பொறுப்பு. ஞாயித்துக்கெழம காலைல சித்தூர் அணிக்கோடு ஜங்ஷன்ல வந்து பாருங்க, லைசென்ஸ் ஒரிஜினல், ஆதார், ரெண்டு போட்டோ. போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டுக்கு இப்பவே அப்ளை பண்ணி வெச்சுருங்க, பின்னாடி எந்த ஆப்ல சேந்தாலும் அதத்தான் முதல்ல கேப்பாங்க.